ஒரு சிவப்பு அம்புக்குறியும் டி.ஆர். 15-உம்

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில், கிளாஸ்கோவில் மேற்படிப்புப் படிக்கும் அக்காவின் மகள் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். எச்சிலைச் சிறு குழாயில் துப்பி அஞ்சலில் அனுப்பினால் மரபணுக்களைப் படித்துச் சொல்லும் நிறுவனம் ஒன்றின் அறிக்கைப் பக்கம் அது. உடன் தங்கியிருக்கும் தோழிகள் தங்கள் மூதாதையர் எங்கிருந்து வந்தவர்கள் என்று அறிவதற்காக வாங்கிய பெட்டியை, தள்ளுபடி கிடைக்கிறதே என்று அவளும் வாங்கியிருக்கிறாள். மூதாதையர் விவரத்தோடு ஒரு நோய்ப் பட்டியலும் வந்து சேர்ந்திருக்கிறது. அதில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற பெயருக்கு நேரே மேல்நோக்கிய சிவப்பு அம்புக்குறி ஒன்று இருந்தது. படத்தின் கீழே அவள் எழுதியிருந்தது ஒரே வரி: "சித்தி, அம்மாகிட்ட இன்னும் சொல்லல."

அவளுடைய அம்மாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, பதினோரு ஆண்டுகளாக அந்த நோய் இருக்கிறது. ஒரு கண்ணில் பார்வை மங்கி, விழியை அசைத்தாலே வலித்ததில் தொடங்கியது. கண்ணாடியை மாற்றினால் சரியாகும் என்று இரண்டு மாதம் அலைந்த பிறகுதான் எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் வெண்பகுதியில் திட்டுத் திட்டாக வடுக்கள் இருப்பது தெரிந்தது. நரம்பிழைகளுக்கு மின்கம்பியின் மேலுறை போல அமைந்திருக்கும் மயலினை, உடம்பின் சொந்த நோயெதிர்ப்பு அணுக்களே அரித்துவிடுவதுதான் இந்த நோய். தமிழில் இதைத் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுகிறார்கள். மூளையை விட்டுவிட்டுத் தண்டுவடத்தை மட்டும் சொல்லும் அந்தப் பெயர் எனக்கு உவப்பாக இல்லை. ஆகவே மருத்துவமனையில் எல்லாரும் சொல்வது போல எம்.எஸ். என்றே இங்கே எழுதுகிறேன்.

அவள் என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. சிறுநீரக மாற்று அறுவைக்கு முன்னால் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் திசு பொருந்துகிறதா என்று பார்க்கும் ஆய்வகத்தில் நான் இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள். அங்கே நாங்கள் பார்ப்பது திசுவின் அடையாளத்தைத் தீர்மானிக்கும் எச்.எல்.ஏ. என்ற மரபணுக்களை. எம்.எஸ். நோயோடு மிக வலுவாகத் தொடர்புபட்டிருப்பதும் அந்த எச்.எல்.ஏ. மரபணுக்களுள் ஒன்றே. எங்கள் பேச்சுவழக்கில் அதன் பெயர் டி.ஆர். 15, முழுப் பெயரை எழுதினால் எச்.எல்.ஏ.-டி.ஆர்.பி.1*15:01. சிவப்பு அம்புக்குறியைத் தொட்டுப் பார்த்தால் அதன் அடியில் எந்த மரபணு இருக்கும் என்பதை அவள் சொல்வதற்கு முன்பே என்னால் சொல்ல முடிந்தது.

இந்தத் தொடர்பு முதன்முதலில் தென்பட்டது 1972-இல். கோபன்ஹேகனில் யெர்சில்ட், ஸ்வைகார்ட், ஃபோக் ஆகிய மூவரும், எம்.எஸ். நோயாளிகளிடம் எச்.எல்.ஏ.-ஏ3 என்ற வகை மற்றவர்களிடம் இருப்பதைவிடக் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸில் பால் தெரசாகியின் குழுவும் அதையே கண்டது. தெரசாகி என்ற பெயர் என் போன்றவர்களுக்குக் குலதெய்வத்தின் பெயர் போன்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினர் என்பதற்காகவே அமெரிக்க அரசு முகாமில் அடைத்து வைத்த குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். சிறு சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்றை அவர் வடிவமைத்தார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நாள் முழுவதும் அந்தத் தட்டின் மேல்தான் குனிந்திருப்போம். ஒவ்வொரு குழியிலும் ஒரு சொட்டு சீரம், அதன்மேல் நோயாளியின் வெள்ளணுக்கள், அதன்மேல் முயலின் இரத்தத்திலிருந்து எடுத்த காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கலவை, கடைசியில் சாயம். சீரத்தில் உள்ள எதிர்ப்பொருள் அந்த அணுவின் எச்.எல்.ஏ. வகையை அடையாளம் கண்டுவிட்டால் அணு செத்துச் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். இல்லையென்றால் நுண்ணோக்கியில் மினுமினுப்பாகத் தெரியும். அந்தச் சீரம் பெரும்பாலும் பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களிடமிருந்து வந்தது. வயிற்றில் வளர்ந்த குழந்தையிடம் தந்தையின் வகை பாதி இருக்குமல்லவா, அதற்கு எதிராகத் தாயின் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள்களே எங்களுக்குக் கருவி.

ஆனால் ஏ3 உண்மையான குற்றவாளி அல்ல. எச்.எல்.ஏ. மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் அடுத்தடுத்து நெருக்கமாக அமைந்திருப்பதால், ஒரே சரத்தில் கோத்த மணிகளைப் போலத் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே கைமாறுகின்றன. வட ஐரோப்பாவில் ஏ3, பி7, டி.ஆர். 15, டி.க்யூ. 6 ஆகியவை கோத்த சரம் மிகப் பரவலானது. அடுத்த ஆண்டிலேயே யெர்சில்ட் குழுவினர், இருவருடைய வெள்ளணுக்களைக் கலந்து வளர்க்கும் வேறொரு சோதனையின் மூலம் சரத்தில் சற்றுத் தள்ளி இன்னும் வலுவான மணி இருப்பதைக் காட்டினார்கள். அதுதான் பிற்பாடு டி.ஆர். 2 என்றும், அது இரண்டாகப் பிரிக்கப்பட்ட பிறகு டி.ஆர். 15 என்றும் பெயர் பெற்றது. டி.ஆர். 15-ஆ, அதன் பக்கத்து மணியான டி.க்யூ. 6-ஆ என்ற வழக்கு இன்னும் முப்பது ஆண்டுகள் நடந்தது. ஐரோப்பியர்களிடம் இரண்டும் பிரியாமல் வருவதால் அவர்களை மட்டும் பார்த்து அதைத் தீர்க்க வழி இல்லை. ஆப்பிரிக்க-அமெரிக்கர்களிடம் சரம் பல இடங்களில் அறுந்து வேறு விதமாகக் கோக்கப்பட்டிருக்கிறது. 2004-இல் ஓக்சன்பர்க்கின் குழு அவர்களிடம் பார்த்தபோதுதான் நோயோடு நிற்பது டி.ஆர். 15-ஏ என்று தெளிந்தது.

இந்த மரபணு செய்யும் வேலை என்ன என்பதை அக்கா மகளிடம் நான் இப்படி விளக்கினேன். உடம்புக்குள் வரும் கிருமியைத் துண்டு துண்டாக நறுக்கி, அந்தத் துண்டுகளை உள்ளங்கையில் ஏந்தி டி செல்கள் என்ற வெள்ளணுக்களிடம் காட்டும் கைதான் டி.ஆர். புரதம். ஒவ்வொரு வகை டி.ஆர். கைக்கும் உள்ளங்கையின் பள்ளம் வேறு வேறு. சில துண்டுகள் ஒரு கையில் நன்றாகப் படியும், இன்னொரு கையில் வழுக்கி விழும். 15:01 என்ற கையில் மயலினில் உள்ள ஒரு புரதத்தின் துண்டு மிக நன்றாகப் படிகிறது. அதோடு நிற்கவில்லை. 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு எம்.எஸ். நோயாளியின் டி செல், 15:01 கை ஏந்திய மயலின் துண்டையும், அதனோடு சேர்ந்தே பிறக்கும் டி.ஆர்.பி.5 என்ற பக்கத்துக் கை ஏந்திய எப்ஸ்டீன்-பார் வைரஸின் துண்டையும் ஒன்றாகவே பாவித்தது. வைரஸைப் பிடிக்கப் பயிற்சி பெற்ற காவலன் வீட்டாளையும் அடித்துவிடுகிறான் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று எனக்குத் தெரிந்து குறைவு.

அந்த வைரஸைப் பற்றிச் சொல்லாமல் மரபணுவை மட்டும் பேசினால் பாதிக் கதைதான் ஆகும். அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றிய ஒரு கோடிப் பேருக்கு மேற்பட்டவர்களின் இரத்த மாதிரிகள் பல்லாண்டுகளாகச் சேமிக்கப்பட்டிருந்தன. அவர்களுள் எம்.எஸ். வந்தவர்களை ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னோக்கிப் பார்த்து 2022-இல் வெளியிட்ட முடிவு, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு நோயின் அபாயம் 32 மடங்கு உயர்கிறது என்பது. மாதிரி கிடைத்த 801 நோயாளிகளுள் ஒரே ஒருவர்தான் நோய் தொடங்கியபோது அந்த வைரஸ் தொற்றாதவர். எந்த மரபணுவும் இதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் உலகில் வயது வந்தவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த வைரஸைச் சுமக்கிறார்கள், அவர்களுள் எம்.எஸ். வருவது மிகச் சிலருக்கே. அந்தச் சிலரைப் பிரித்துக் காட்டும் காரணங்களுள் ஒன்றாகத்தான் மரபணு உள்ளே வருகிறது.

எவ்வளவு உள்ளே வருகிறது என்பதற்கு இரட்டையர்களே அளவுகோல். 1986-இல் ஈபர்ஸ் குழுவினர் கனடாவில் பார்த்தபோது, ஒரு கரு இரட்டையர் 27 இணைகளுள் 7 இணைகளில் இருவருக்கும் நோய் இருந்தது. இரு கரு இரட்டையர் 43 இணைகளுள் ஒன்றில் மட்டுமே இருவருக்கும் இருந்தது. நாடு முழுவதற்குமான பதிவேடுகளைக் கொண்டு 2014-இல் சுவீடனில் கணக்கிட்டபோது ஒரு கரு இரட்டையர் இருவருக்கும் நோய் வருவது 17 சதவீதமாகக் குறைந்தது. மரபணுவில் எழுத்துக்கு எழுத்து ஒத்த இருவருள் ஒருவருக்கு நோய் வந்தாலும், மற்றவருக்கு வராமல் போவதே பெரும்பான்மை. 2010-இல் நோய் உள்ள ஒருத்தியையும் நோயில்லாத அவளுடைய இரட்டையையும் எடுத்துக்கொண்டு இருவருடைய மரபணுத் தொகுதியையும் முழுவதும் படித்துப் பார்த்தார்கள். நோயை விளக்கக்கூடிய வேறுபாடு ஒன்றும் அகப்படவில்லை. சரி, அப்படியானால் ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்று வளர்வதால்தான் குடும்பங்களில் வருகிறதோ என்றால், அதுவும் இல்லை. 1995-இல் அதே ஈபர்ஸ் குழு தத்தெடுக்கப்பட்டவர்களைப் பார்த்தது. நோயாளியோடு ஒரே வீட்டில் வளர்ந்தும் இரத்தத் தொடர்பு இல்லாத உறவினர்களுக்கு ஊரில் மற்றவர்களுக்கு உள்ள அபாயமே இருந்தது. குடும்பத்துக்குள் நோயைக் கூட்டுவது மரபணு. ஆனால் அந்த மரபணு தனியாக நின்று நோயை உண்டாக்குவதில்லை. இரண்டு வாக்கியங்களும் ஒரே சமயத்தில் உண்மை என்பதைத்தான் அக்கா மகளுக்கு விளங்கவைக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.

அவள் கேட்டது எண். கூச்சமில்லாமல் கேட்டாள்: எனக்கு வருவதற்கு எத்தனை சதவீதம்? வட ஐரோப்பாவிலும் கனடாவிலும் திரட்டிய கணக்கின்படி, பெற்றோருள் ஒருவருக்கு எம்.எஸ். இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு. யாருக்கும் நோயில்லாத குடும்பத்தில் அது ஆயிரத்துக்கு இரண்டு மூன்று. சுவீடன் பதிவேட்டில் உடன்பிறந்தாருக்கு ஏழு மடங்கு, பிள்ளைகளுக்கு ஆறு மடங்கு என்று கண்டார்கள். ஆறு மடங்கு என்று கேட்டால் அடிவயிறு கலங்குகிறது. நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு வருவதில்லை என்று கேட்டால் மூச்சு திரும்புகிறது. அந்த அறிக்கை மடங்கைக் காட்டியதே தவிர நூற்றுக்கு எத்தனை என்பதைக் காட்டவில்லை. விற்பவருக்கு எது வசதியோ அதைக் காட்டுகிறார்கள் என்று சொல்லலாம், ஆனால் அந்த வம்புக்குள் இப்போது போக விரும்பவில்லை.

டி.ஆர். 15 ஒன்று இருந்தால் அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் வட ஐரோப்பாவில் ஊரில் நாலில் ஒருவருக்காவது அது இருக்கிறது, எம்.எஸ். நோயாளிகளைப் பார்த்தால் இரண்டில் ஒருவருக்கு இருக்கிறது. அதாவது நோயாளிகளுள் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது இல்லை, இருப்பவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு நோய் இல்லை. எங்கள் ஆய்வகத்தில் மூன்று நான்கு அறிக்கைகளைப் புரட்டினால் ஒன்றில் 15 என்ற எண் இருக்கும். சிறுநீரகம் கொடுக்க வந்த அம்மாக்கள், அண்ணன்கள், மனைவிமார் என்று அந்த எண்ணோடு எழுபது வயதைத் தாண்டி நடமாடியவர்களை ஆயிரக்கணக்கில் நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போது எம்.எஸ். என்ற நினைவே எங்களுக்கு வந்ததில்லை. போதாக்குறைக்கு, அதே சரத்தில் டி.ஆர். 15-க்கு அடுத்து வரும் டி.க்யூ. மணி சிறுவயதில் வரும் முதல் வகைச் சர்க்கரை நோயிலிருந்து நன்றாகப் பாதுகாக்கிறது. அதே மணிதான் பகலில் திடீர் திடீரென்று தூக்கம் தள்ளும் நார்கோலெப்சி என்ற நோய்க்கு ஆட்படுத்துகிறது. ஒரே சரம் ஒரு வாசலில் காவல் நிற்கிறது, இன்னொரு வாசலில் கள்வனுக்கு விளக்குப் பிடிக்கிறது. இதைக் கெட்ட மரபணு என்று பெயர் வைத்துக் கூப்பிடுவது எனக்குச் சம்மதமில்லை.

எச்.எல்.ஏ.-வுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று தெரிவதற்கு 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் பன்னாட்டு எம்.எஸ். மரபியல் கூட்டமைப்பு, நோயாளியும் பெற்றோரும் அடங்கிய 931 குடும்பங்களில் தொடங்கி ஆராய்ந்து, ஐ.எல்.2ஆர்.ஏ., ஐ.எல்.7ஆர். என்ற இரண்டு மரபணுக்களைப் பிடித்தது. இரண்டும் டி செல்களுக்குச் செய்தி வாங்கித் தரும் ஏற்பிகள். 2011-இல் பதினைந்து நாடுகளின் 9,772 நோயாளிகளைக் கொண்டு, மரபணுத் தொகுதியில் நோயோடு தொடர்புள்ள ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்கள் தெரிந்தன. 2019-இல் 47,429 நோயாளிகளையும் நோயில்லாத 68,374 பேரையும் ஒப்பிட்டபோது 233 இடங்கள் என்று ஆயிற்று. அவற்றுள் 32 எச்.எல்.ஏ. வட்டாரத்திலேயே உள்ளவை, ஒன்று எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. தனித்தனியே எடுத்தால் பெரும்பாலானவை அபாயத்தைப் பத்து இருபது சதவீதம் கூட்டுவன அல்லது குறைப்பன, அவ்வளவே. ஏறக்குறைய எல்லாமே நோயெதிர்ப்பு அணுக்களில் வேலை செய்கிற மரபணுக்களின் அருகே இருக்கின்றன. நரம்பில் தொடங்கும் நோயா, எதிர்ப்பாற்றலில் தொடங்கும் நோயா என்ற பழைய சண்டையில் இந்தப் பட்டியல் ஒரு பக்கத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டது.

அந்த 233-இல் எனக்கு மிகப் பிடித்தது டி.என்.எஃப்.ஆர்.எஸ்.எஃப்.1ஏ என்ற நாக்கு சுளுக்கும் பெயருடையது. அது டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளை ஏற்கும் ஏற்பி. 1990-களில், அழற்சியைக் குறைத்தால் எம்.எஸ். குறையும் என்று நம்பி, டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் லெனர்செப்ட் என்ற மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மூட்டுவாதத்தில் அற்புதம் செய்யும் மருந்துகளின் இனம் அது. எம்.எஸ். நோயாளிகளுக்கோ நோய் மோசமாயிற்று, சோதனையையே நிறுத்தினார்கள். ஏன் என்பது விளங்காமல் கிடந்தது. 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் அந்த மரபணுவின் அபாய வடிவத்தை ஆராய்ந்தபோது, அது ஏற்பியை அணுவின் மேல் நிறுத்தாமல் குட்டையாக்கி வெளியே மிதக்கவிடுகிறது என்றும், மிதக்கும் அந்தத் துண்டு டி.என்.எஃப்.-ஐப் பிடித்து முடக்குகிறது என்றும் கண்டார்கள். அதாவது மருந்து செய்த அதே வேலையை இந்த மரபணு பிறவியிலேயே சிறு அளவில் செய்துகொண்டிருக்கிறது. முதலிலேயே மரபணுவைப் படித்திருந்தால் அந்தச் சோதனையில் சேர்ந்தவர்கள் அந்தத் துன்பத்துக்கு ஆளாகியிருக்க மாட்டார்கள். மரபணு ஆராய்ச்சியால் நோயாளிக்கு என்ன பயன் என்று அக்கா ஒருமுறை அலுத்துக்கொண்டபோது நான் சொன்ன பதில் இதுதான்.

அலுப்புக்கும் நியாயம் உண்டு. 2016-இல் கனடாவில் இரண்டு குடும்பங்களில் எம்.எஸ். உள்ளவர்களிடம் என்.ஆர்.1எச்.3 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்து, இதைச் சுமப்பவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 70 சதவீதம் என்று அறிவித்தார்கள். எம்.எஸ்.-க்குக் காரணமான மரபணு கிடைத்துவிட்டது என்று செய்தி உலகம் முழுவதும் பரவி, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பன்னாட்டுக் கூட்டமைப்பு தன் கையிலிருந்த பல்லாயிரக்கணக்கான மாதிரிகளில் அந்த மாற்றத்தைத் தேடிப் பார்த்து, நோயுள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் அது ஒரே அளவில்தான் இருக்கிறது, தொடர்பே இல்லை என்று எழுதியது. மறுப்பு எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் வரவில்லை.

நோய் வருமா என்பதைத் தீர்மானிக்கும் மரபணுக்களும், வந்த நோய் எவ்வளவு வேகமாகக் கால்களை முடக்கும் என்பதைத் தீர்மானிப்பவையும் வேறு வேறு என்பது 2023-இல்தான் தெளிந்தது. 12,000-க்கு மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்து, இரண்டாவது குரோமோசோமில் ஓர் இடத்தைக் கண்டார்கள். அதன் பாதக வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு ஊன்றுகோல் தேவைப்படும் நிலை ஏறத்தாழ 3.7 ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது. இந்த இடத்தின் அருகே உள்ள மரபணுக்கள் எதிர்ப்பாற்றல் அணுக்களைவிட மூளையிலும் தண்டுவடத்திலுமே அதிகம் வேலை செய்பவை. டி.ஆர். 15-க்கு இந்த வேகத்தில் பங்கில்லை. இப்போதுள்ள மருந்துகள் பெரும்பாலும் எதிர்ப்பாற்றலைக் குறிவைப்பவையாகவே இருப்பதும், அக்காவுக்குப் புதிய தாக்குதல்கள் நின்ற பிறகும் நடை மெல்ல மெல்லத் தளர்வதும் எனக்கு இந்த இடத்தில் நினைவுக்கு வருகின்றன.

மீண்டும் கோபன்ஹேகனுக்கு வருகிறேன். 1972-இல் எந்த ஊரில் இந்த மரபணுத் தொடர்பின் முதல் நுனி அகப்பட்டதோ, அதே ஊர் ஆய்வாளர்களே 2024 ஜனவரியில் அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னார்கள். பழைய எலும்புகளிலிருந்தும் பற்களிலிருந்தும் எடுத்த ஆயிரத்துக்கு மேற்பட்ட மரபணுத் தொகுதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, எம்.எஸ். அபாயத்தைக் கூட்டும் வடிவங்கள், கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளிகளில் கால்நடை மேய்த்த யம்னயா மக்களிடம் பெருகி, சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் அவர்களோடு ஐரோப்பாவுக்குள் வந்தன என்று தெரிந்தது. மாட்டோடும் ஆட்டோடும் ஒட்டி வாழ்ந்தவர்களுக்கு விலங்குகளிடமிருந்து தொற்றும் நோய்களைத் தாங்க ஆவேசமான எதிர்ப்பாற்றல் உதவியிருக்க வேண்டும் என்பது அவர்கள் தரும் விளக்கம். அந்த மக்களின் மரபு வட ஐரோப்பாவில் மிகுதி, தெற்கே குறைவு, எம்.எஸ். நோயும் அப்படியே. ஸ்காட்லாந்தின் வடமுனைக்கு அப்பாலுள்ள ஆர்க்னி தீவுகளில் ஒரு லட்சம் பேருக்கு 402 பேர் என்ற கணக்கில் இந்த நோய் இருப்பது 2012-இல் பதிவாயிற்று. ஏறத்தாழ 250 பேரில் ஒருவர்.

தெற்கே என்றவுடன் சார்டினியாத் தீவு குறுக்கே வந்து நிற்கிறது. மத்தியதரைக் கடலின் நடுவே இருந்தும் அங்கே எம்.எஸ். மிக அதிகம், ஆனால் அங்கே முன்னே நிற்பது டி.ஆர். 15 அன்று, டி.ஆர். 3. அதோடு எதிர்ப்பொருள் உண்டாக்கும் பி செல்களை ஊக்கும் பாஃப் என்ற பொருளை அதிகமாகச் சுரக்கவைக்கும் ஒரு மாற்றமும் அங்கே பரவலாக இருப்பதை 2017-இல் கண்டார்கள். பல நூற்றாண்டுகளாக மலேரியா வாட்டிய தீவு அது; மலேரியாவைத் தாங்க உதவியதாலேயே அந்த மாற்றம் பெருகியிருக்க வேண்டும் என்று அந்த ஆய்வு சொல்கிறது.

இந்தியாவில் இந்த நோய் குறைவு. மங்களூரு நகரில் எடுத்த கணக்கில் ஒரு லட்சத்துக்கு 8 பேர் அளவில் இருந்தது. ஆனால் மும்பைப் பார்சிகளிடம் 1980-களிலேயே ஒரு லட்சத்துக்கு இருபதுக்கு மேல் இருப்பதை நரம்பியல் மருத்துவர்கள் கவனித்து எழுதினார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஈரானிலிருந்து வந்து தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொண்ட சமூகம் அது. இடத்தின் பங்கைக் காட்டும் எதிர்ச்சான்றும் உண்டு. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் பிரிட்டனுக்குக் குடியேறியவர்களிடம் எம்.எஸ். அரிதாகவே இருந்தது, அங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளிடமோ மற்றப் பிரிட்டானியருக்கு நிகராக உயர்ந்துவிட்டதை 1990-இல் எழுதினார்கள். ஒரு தலைமுறையில் மரபணு மாறாது. வெயில், வைட்டமின் டி, எப்ஸ்டீன்-பார் வைரஸ் குழந்தைப் பருவத்தில் சத்தமில்லாமல் தொற்றாமல் பதின்பருவத்தில் காய்ச்சலாக வந்து தொற்றுவது ஆகியவையே மாறின. அக்கா மகள் இருபத்துமூன்று வயது வரை இங்கே வெயிலில் வளர்ந்துவிட்டுப் போனவள் என்பதை அவளுக்கு நினைவூட்டினேன். தென்னாப்பிரிக்காவில் குடியேறியவர்களைப் பற்றிய பழைய ஆய்வு, பதினைந்து வயதுக்கு முன் வாழ்ந்த இடமே பெரிதும் கணக்கில் வருவதாகக் காட்டியது.

இனி அந்த அம்புக்குறி. அவள் மூல விவரங்களை அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். நான் ஐயப்பட்டது சரியாக இருந்தது: அந்த நிறுவனம் டி.ஆர். 15-ஐ நேரடியாகப் படிக்கவே இல்லை. எச்.எல்.ஏ. வட்டாரம் மனித மரபணுத் தொகுதியிலேயே மிகவும் பலவடிவம் கொண்டது; அதை ஒழுங்காகப் படிக்கத் தனிச் சோதனை வேண்டும். அதற்குப் பதிலாக, அருகிலுள்ள ஒரே ஒரு டி.என்.ஏ. எழுத்தைப் படித்து, அது இருந்தால் 15:01 இருக்கும் என்று அனுமானிக்கிறார்கள். அக்கிரகாரத்தில் கோபுரம் தெரிந்தால் கோயில் இருக்கும் என்பது போல. ஐரோப்பியரிடம் இந்த அனுமானம் நன்றாகப் பொருந்துகிறது, ஏனெனில் அது அவர்களிடம் பார்த்து வகுக்கப்பட்டது. நம் மக்களிடம் 15 என்ற குடும்பத்தில் 15:01 மட்டும் அல்ல, 15:02-உம் தாராளமாக இருக்கிறது. இரண்டுக்கும் புரதத்தில் வேறுபாடு 86-ஆவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம். ஆனால் அந்த இடம் உள்ளங்கைப் பள்ளத்தின் அடியிலேயே அமைந்திருப்பதால் எந்தத் துண்டு படியும் என்பதே மாறிவிடுகிறது. ஐரோப்பியருக்கு வகுத்த கோபுரத்தை வைத்து நம்மூர்க் கோயிலைத் தேடினால் எந்தச் சன்னிதிக்குப் போய்ச் சேருவோம் என்று உறுதி சொல்ல முடியாது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தினர் தெற்காசிய, ஆப்பிரிக்க வம்சாவளி எம்.எஸ். நோயாளிகளைத் தேடிச் சேர்த்து ஆராய்வது இந்தக் குறையை நிரப்பத்தான்.

அவளுக்கு நான் சொன்ன ஒரே அறிவுரை புகையைப் பற்றியது. 2011-இல் சுவீடனில் ஓர் ஆய்வு செய்தார்கள். டி.ஆர். 15 இருந்து, பாதுகாப்புத் தரும் ஏ2 என்ற எச்.எல்.ஏ. வகை இல்லாதவர்களைப் பிரித்துப் பார்த்தால், புகை பிடிக்காதவரிடம் அபாயம் 4.9 மடங்கு, அதே மரபணுக்களோடு புகையும் பிடித்தால் 13.5 மடங்கு. மரபணுவின் அபாயத்தையும் புகையின் அபாயத்தையும் வெறுமனே கூட்டினால் வருவதைவிட இது மிக அதிகம். மரபணுவை மாற்ற முடியாது. சிகரெட்டைத் தொடாமல் இருக்கலாம். தான் தொட்டதில்லை என்று அவள் சொன்னாள், நான் நம்பினேன்.

பங்குனியில் அக்கா வீட்டுக்குப் போனேன். மகளே தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். அக்கா கலங்கியிருப்பாள் என்று நினைத்துப் போனால், அவள் அமைதியாக ஒன்று கேட்டாள்: "அது என்கிட்டேயிருந்துதான் போயிருக்கணுமா?" ஆறாவது குரோமோசோம் ஒன்று தாயிடமிருந்தும் ஒன்று தந்தையிடமிருந்தும் வருகிறது என்று விளக்கத் தொடங்கியபோதுதான் எனக்குத் திடீரென்று ஒன்று நினைவுக்கு வந்தது. அத்தானின் தம்பிக்குச் சிறுநீரகம் பழுதானபோது, கொடுக்க முடியுமா என்று அத்தானுக்கும் பொருத்தம் பார்த்தார்கள். பொருந்தாமல் போய்விட்டது, அந்த அறிக்கையை அவர் தூக்கிப் போட்டிருக்க மாட்டார், எதையும் தூக்கிப் போடாத மனிதர். அலமாரியிலிருந்து எடுத்து வந்த பழுப்பேறிய கோப்பில், மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் அது இருந்தது. டி.ஆர்.பி.1 என்ற கட்டத்தில் இரண்டு எண்கள்: 07, 15.

அந்தக் காலத்துச் சோதனை 15:01-ஆ 15:02-ஆ என்று பிரித்துச் சொல்லாது, அதனால் இது எதையும் முடிவு செய்யாது என்று நான் சொன்னேன். அக்கா அதைக் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. 15 என்ற எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அறுபத்தாறு வயதில் தினமும் எட்டுக் கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கும் தன் கணவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கைப்பேசியைக் கேட்டு வாங்கி, அந்தப் பக்கத்தைத் தானே படமெடுத்து, கிளாஸ்கோவுக்கு அனுப்பினாள்.